விழிக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள்

நஸ்ரீன் இறந்த செய்தி சத்துணவு நேரத்தில் வந்தது. எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டியின் வடக்கு மூலையில் நின்றால்தான் கைப்பேசியில் பேச்சு விட்டுவிட்டாவது கேட்கும். அங்கே நின்று, பிள்ளைகள் முட்டை உரிப்பதைப் பார்த்தபடி, அவருடைய தம்பி இம்ரானின் குரலைக் கேட்டேன். "டீச்சர், ஆபா போய்ட்டாங்க. காலைல அம்மீ எழுப்பப் போனாங்க. எழுந்திருக்கல. தூக்கத்துலயே…" குரல் அறுந்துபோனது. மறுபடி கிடைத்தபோது ஒன்றே ஒன்றைச் சொன்னார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம்.

சத்துணவு சமைக்கும் ராசாத்தி அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "இன்னா டீச்சர், மூஞ்சி இப்பிடி கீது?" சொன்னேன். கரண்டியைத் தொட்டித் திட்டில் வைத்தார். பிறகு, "தூக்கத்துலயேவா? வலி தெரியாத சாவு. கொடுத்து வெச்சவங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தையைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில் நஸ்ரீனை அறிந்த உங்களுக்கு ஏன் என்று புரியும். தூங்குகிறவர்களைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. விழிப்பவர்களைப் பற்றித்தான் அவருடைய கவலையெல்லாம். அப்படிப்பட்டவர் விழிக்கவே இல்லை.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நஸ்ரீன் மனநல ஆலோசகர். என்னைவிடச் சில வயது மூத்தவர். புதன்கிழமைகளில் ஜீப்பில் மலையேறி வந்து, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அறைக்குப் பக்கத்து அறையில் உட்காருவார். வந்த புதிதில் ‘மனநல ஆலோசனை’ என்ற பலகைக்குக் கீழே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசலில் நின்றால் பைத்தியம் என்று பெயராகிவிடும் என்று, சளிக்கு மருந்து வாங்க வந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் பலகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் சாக்பீஸால் எழுதி மாட்டினார்: ‘தூக்கம் வராதவர்கள் வரலாம்.’ அடுத்த புதன் வராந்தாவில் இடமில்லை. புளி உலுக்க ஏறிய அண்ணன் மரத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்தாள். பெரியவர் ஒருவர் வந்து, "எனக்குத் தூக்கம் நல்லா வருதும்மா. எம் பொண்டாட்டி வாயத் தொறந்தா ஒடனே வருது. அத நிறுத்த மாத்திரை கீதா?" என்று கேட்டார். "அது வியாதி இல்லீங்க ஐயா, வரம். உட்றாதீங்க" என்று நஸ்ரீன் சொன்னதை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. தூக்க டாக்டரம்மா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. "டாக்டரெல்லாம் இல்லீங்க. டாக்டருக்குப் பக்கத்து ரூமு" என்பார்.

எங்கள் ஊர் ஜீப் கவிழ்ந்ததைப் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் அதிகம் எழுத மாட்டேன். என் தங்கை தேவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புது ஜிமிக்கியைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேள்வி முடிவதற்குள் வளைவு வந்தது. என்னைத் தோள் எலும்பு முறிவோடு வெளியே இழுத்தார்கள். கட்டுப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவி திருப்பத்தூரில் பிணவறையில் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோரத்தைக் கண்ணால் கண்டவரை மறுநாள் பொழுது விடியும்வரை தூங்க விடமாட்டார்கள். கண் அசந்தால் கண்டது உள்ளே புகுந்துகொள்ளும் என்பார்கள். என்னைச் சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ராசாத்தி அக்கா விடுகதை போட்டார். "கதவு ரெண்டு, தாப்பா இல்ல. தானா மூடும், தானா தொறக்கும். இன்னாது சொல்லு?" எனக்கு விடை தெரியும். வாயில் வரவில்லை. அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொழுது விடிந்தது. எல்லாரும் தூங்கப் போனார்கள். நான் போகவில்லை. இங்கேதான் என் படிப்பு என்னைக் கெடுத்தது. பகலில் கண்டதையெல்லாம் தூக்கத்தில்தான் மூளை எடுத்து அடுக்கி வைக்கிறது, மனத்தைக் கலக்கியதைக் கூடுதலாக இறுக்கி வைக்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். ஊர் சொன்னதும் புத்தகம் சொன்னதும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. தூங்காவிட்டால் தேவியின் சாவு என்னில் பதியாது. பதியாவிட்டால் அது இன்னும் முழுதாக நடக்கவில்லை. ஒரு ராத்திரிக்கென்று ஊர் வைத்த வழக்கத்தை நான் முடிவில்லாத விரதமாக்கிக்கொண்டேன். கண் சொருகும்போதெல்லாம் எழுந்து நடந்தேன். பச்சை மிளகாயைக் கடித்தேன். கரும்பலகையில் நான் எழுதிய எழுத்தே நகர்ந்தது. முதலில் ஜீப் சத்தத்துக்கு மட்டும் உடம்பு நடுங்கியது. பிறகு மோட்டார் பம்பு சத்தத்துக்கு, பிறகு குக்கர் விசிலுக்கு, கடைசியில் ஒரு பிள்ளை பெஞ்சை இழுத்ததற்கு. பயம் பதியாமல் இருக்கவில்லை. ஓரிடத்தில் பதிய வழியில்லாமல் எல்லாவற்றின் மேலும் போய் ஒட்டிக்கொண்டது.

ராசாத்தி அக்காதான் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நஸ்ரீன் முன்னால் நிறுத்தினார். "தூங்க வாணாம்னு நாந்தாம்மா சொன்னேன். ஒரு ராத்திரிக்கு சொன்னேன். இது இன்னாடான்னா சாமியாட்டம் தவம் பண்ணினு கீது." நஸ்ரீனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "அடிபட்ட பொண்ண அந்த ஒரு ராத்திரி மட்டும் ஏன் தூங்க வுடல? தூக்கத்தையும் புடுங்கிக்கிட்டா மனுசனுக்கு இன்னா மிச்சம்?" ராசாத்தி அக்கா விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "அதே ஜீப்புல போன எங்க பெரியப்பா மவனுக்கு ஊசி போட்டுத் தூங்க வெச்சாங்களே, அவன் மட்டும் நல்லா கீறானா? வண்டி சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில பூந்துக்குறான்." நஸ்ரீன் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த புதன் வந்ததும் அவர் முதலில் பள்ளிச் சமையலறைக்குத்தான் போனார். அடுப்புப் புகைக்குக் கண்ணைக் கசக்கியபடி நின்று சொன்னார்: "படிச்சுப் பாத்தேங்க்கா. மொத ராத்திரி தூங்கினா பயம் இறுகிக்குதுன்னு சிலபேர் சொல்றாங்க. இல்ல, தூங்கினவங்கதான் சீக்கிரம் தேறுறாங்கன்னு சிலபேர் சொல்றாங்க. ரெண்டும் படிச்சவங்க சொல்றதுதான். எது சரின்னு எனக்குத் தெரியல. ஆனா அதுக்கப்புறமும் தூங்காம இருந்தா ஆளே போயிடும். அது தெரியும்." ராசாத்தி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியலன்னு சொல்ற டாக்டரம்மாவ இப்பத்தான் பாக்குறேன்." "அதான் சொன்னேனே, பக்கத்து ரூமுன்னு." இருவரும் அன்றைக்கு ஒரே தட்டில் சுண்டல் தின்றார்கள்.

எனக்கு அவர் வேறு விதமாகச் சொன்னார். அவருடைய அப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். "பச்சைத் தோலுக்கு ஒடனே உப்பு வெக்கணும்மா. வெச்சா அப்டியே நிக்கும், நாத்தத்தோட, உண்ணி கடிச்ச தழும்போட. மொதத் தூக்கம் அந்த உப்பு மாதிரின்னே வெச்சுக்குங்க. உப்பு வெச்சதோட வேலை முடிஞ்சிதா? ஊற வெக்கணும், சுண்ணாம்புல போடணும், முடி எடுக்கணும், பட்டைத் தண்ணில போட்டுப் போட்டு எடுக்கணும். எத்தினி நாள் வேலை! கடைசில தோலும் இருக்கும், தழும்பும் இருக்கும். நாத்தம் போயிருக்கும், கைக்கு மெத்துனு வரும். அதுக்கப்புறம் தூங்குற தூக்கமெல்லாம் அதுக்குத்தான். நீங்க உப்புக்கு பயந்துக்கிட்டுத் தண்ணியே காட்ட மாட்டேங்கறீங்க."

"என் தங்கச்சி என்ன தோலா?" என்று கத்தினேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நஸ்ரீன் முகம் சிவந்துபோனது. "அரே, இல்லம்மா. மன்னிச்சிக்குங்க. எங்க வூட்ல எதப் பேசினாலும் கடைசில தோல்லதான் வந்து நிக்கும். என் நிக்காஹ் பேச்சுகூட அப்டித்தான், வெலை படியலன்னு நின்னுபோச்சு." நான் சிரித்துவிட்டேன். தேவி போன பிறகு முதல் சிரிப்பு. சிரித்ததைக் கண்டு எனக்கே பயமாகி, அழுதேன்.

என் பயம் தூக்கத்தின் மேல் இல்லை, விழிப்பின் மேல் என்று அன்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே விளங்கியது. கண் அசந்த சில முறையும் விழித்த கணத்தில் எனக்கு எதுவும் நினைவிருக்காது. உலகம் பழையபடி இருக்கும். தேவி அடுப்பங்கரையில் இருப்பாள். அடுத்த நொடி அவள் செத்துப்போவாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செத்தாள். நஸ்ரீன் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, "அப்ப தூங்கறதுக்கு ஆள் வேணாம். முழிக்கறதுக்குத்தான் ஆள் வேணும். நா இருக்கேன்" என்றார்.

ஊசி போடும் அறையின் இரும்புக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு வந்தவர்களையெல்லாம் அந்தக் கதவோரத்திலேயே நிற்கவைத்துக் கிசுகிசுப்பாகப் பேசி அனுப்பினார். "உள்ள ஒருத்தி தூங்குறதுக்கு நாங்கெல்லாம் நிக்கணுமா? நாங்களுந்தான தூக்கம் வரலன்னு வந்தோம்" என்று யாரோ முனகியது அரைத் தூக்கத்தில் கேட்டது. நான் விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. அந்த ஒரு கணம் வந்தது. பிறகு மற்றது வந்தது. எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்த்தேன். "தேவி…" என்று மட்டும் சொன்னேன். அவர் வந்து என் கையைப் பிடித்தார். அழாதே என்று சொல்லவில்லை, சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. "ஆமாம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஆமாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அதனால் அந்த உண்மையை நான் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் புதன்கிழமைகளில் அங்கே தூங்கினேன். மற்ற நாட்களில் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ராசாத்தி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து உட்காரும்படி நஸ்ரீன் சொல்லி வைத்தார். தேவி என் நினைவிலிருந்து போகவில்லை. ஜிமிக்கியும் வளைவும் அப்படியே இருந்தன. ஆனால் குக்கர் விசில் திரும்பவும் குக்கர் விசிலானது. இப்போது எங்கள் ஊரில் துக்கம் நடந்தால் பழைய வழக்கப்படி அந்த ராத்திரி தூங்க விடுவதில்லை. அதை யாரும் மாற்றவில்லை, நஸ்ரீனும் மாற்றச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாட்களில், "முழிப்புக்கு யாரு உக்கார்றது?" என்று ஒரு கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி அவர் கொண்டுவந்து சேர்த்தது.

ஒரு புதன் நான் விழித்தபோது நாற்காலியில் நஸ்ரீன் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாருடனோ வாதாடுவதுபோல் நெற்றி சுருங்கியிருந்தது. துப்பட்டா ஒரு பக்கம் தரையில் கிடந்தது. நான் கட்டிலிலிருந்து இறங்காமல் அவர் விழிக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண் திறந்தவர், "அரே! யாரு யாருக்குக் காவல்?" என்று பதறி எழுந்து, டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். உங்கள் விழிப்புக்கு யார் உட்காருவது என்று கேட்டேன். "அம்மீதான். தெனம் டீயோட வந்து நிக்கும். கண்ணத் தொறந்தா மொதல்ல தெரியறது அம்மீ மூக்குத்தி. அப்புறந்தான் உலகம்" என்றார்.

அந்த அம்மீதான் அந்தக் கடைசிக் காலையிலும் டீயோடு போய் நின்றவர்.

அடக்கத்துக்கு முன் போய்ச் சேர வேண்டுமானால் பேருந்து ஆகாது. ஜீப் கவிழ்ந்ததிலிருந்து நான் ஜீப்பில் ஏறியதில்லை. பேருந்து இல்லாத நாட்களில் போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே இருந்துவிடுவேன். ராசாத்தி அக்கா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். "பஸ்ஸுக்கு நின்னா மண்ணத்தான் பாக்கலாம். ஏறு டீச்சர்." ஏறினேன். அந்த வளைவு நெருங்கியபோது என் உடம்பு கல்லாகிவிட்டது. ராசாத்தி அக்கா என் முழங்காலில் ஓங்கி அடித்தார். "கதவு ரெண்டு, தாப்பா இல்ல. தானா மூடும், தானா தொறக்கும். இன்னாது?" "கண்ணு" என்றேன். "தொறந்து வெச்சுக்கோ, வளைவு போயிடும்." போய்விட்டது.

வாணியம்பாடியில் அவர்கள் வீட்டு உள்ளறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். நஸ்ரீனை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. "தூங்குற மாதிரியே இருக்கா, பாரும்மா" என்று அவருடைய சித்தி என்னிடம் சொன்னார். பார்த்தேன். இல்லை. நான் அவர் தூங்குவதைப் பார்த்தவள். வாய் மூடியிருந்தது. நெற்றியில் சுருக்கமே இல்லை, யாருடனும் எந்த வாதமும் இல்லை. தூக்கம் இப்படி இருக்காது என்று சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடித்த இடம் இப்போதும் வலிக்கிறது.

அம்மீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை, கண் இமைக்கவும் இல்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இம்ரான் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், நீங்க ஆபாகிட்ட இருந்தவங்க. போடலாமா, வேணாமா? ஆபா இருந்தா இன்னா சொல்வாங்க?" அந்தக் கேள்விக்கு நான் எங்கே போவேன்? உப்பா, தண்ணீரா? தெரியல என்று துணிவோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் உள்ளே வெள்ளைத் துணியில் கிடந்தார். "அம்மாவையே கேளுங்க" என்றேன். இம்ரான் குனிந்து கேட்டார். "வேணாம்" என்றார் அம்மீ. "தூங்கினா எழுந்திருக்கணுமே."

நான் அன்று மலைக்குத் திரும்பவில்லை. ராசாத்தி அக்காவை அனுப்பிவிட்டு அங்கேயே இருந்தேன். மறுநாள் முற்பகலில், சுவரில் சாய்ந்தபடியே அம்மீயின் தலை சரிந்தது. படுக்க வைத்தோம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, கதவோரம் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். எனக்குள் அமைதி ஒன்றும் இல்லை. அவர் விழிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் விழித்தால் நான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது எனக்கும் உண்மையாகிவிடும். அதுவரை அவரைப் போலவே நானும் முந்தின நாளிலிருந்து தூங்கியிருக்கவில்லை. ஊர் வழக்கத்தால் அல்ல. விழித்தால் கதவோரம் யாரும் இருக்கப்போவதில்லை என்பதால்.

நஸ்ரீனை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். அவர் சிரிப்பை, அவர் பலகையை, அவர் சொன்ன தோல் கதையை. என்னிடம் இருப்பது ஒரு நாற்காலி போடும் இடமும் ஒரு சொல்லும்தான். அந்தச் சொல்லால் எதையும் ஆற்ற முடியாது. ஆற்றுவதாக அவரும் சொன்னதில்லை.

நடுப்பகலில் அம்மீ கண் திறந்தார். மூக்குத்தி வெளிச்சத்தில் மின்னியது. அந்த ஒரு கணம் அவர் முகத்தில் எதுவும் இல்லை, பழைய உலகம் மட்டும் இருந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த என் உருவத்தைப் பார்த்து, "நஸ்ரீன்?" என்றார். பிறகு பார்வை தெளிந்தது. கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் என்னையே பார்த்தார்.

எழுந்து போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.